நெகடிவ் என்றால் நல்லது

எங்கள் வீட்டில் முதன்முதலில் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தை நெகடிவ். என் கணவர் போர்ட் பிளேரில் மலேரியா ஆபீஸில் வேலை பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. தோளில் ஒரு பை. பைக்குள் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டி, ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில். காடு வெட்டிக் குடியேற்றிய ஊர்களுக்கு நடந்தும் படகிலும் போவார். காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துக் கொண்டு வருவார். ஆஸ்பத்திரி லேபில் அதற்குச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் பாசிட்டிவ். இல்லாவிட்டால் நெகடிவ்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஏழரை பிடித்தது போல. வீட்டில் உள்ள அத்தனை பேரும் கசப்பு மாத்திரை விழுங்க வேண்டும். பாத்திரம் பண்டங்களை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரெல்லாம் மருந்தடிப்பார்கள், ஒரு வாரத்துக்குச் சோற்றில்கூட அந்த வாடை இருக்கும். அதனால் இவர் தலை தெரிந்ததும் வங்காளிப் பெண்கள் வாசலில் நின்று, "பாபு, நெகடிவ்?" என்று கேட்பார்கள். இவர் தலையை ஆட்டினால் ஒரு பப்பாளியோ சுரைக்காயோ கைக்கு வரும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று ஆளுக்கொரு பாஷை பேசுகிற தீவில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி இருந்தது, அப்புறம் இந்த வார்த்தை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் நெகடிவ் என்றால் நல்லது என்று தெரியும். சாயங்காலம் ஃபீனிக்ஸ் பே துறையில் படகிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து கராச்சர்மாவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் சொல்வார், "இன்னைக்கு அம்புட்டும் நெகடிவ்." நான் காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போடுவேன்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணம் முடிந்த கையோடு மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தவள் நான். ராமநாதபுரம் பக்கம், மழை என்றால் பேருக்குத் தூறும் ஊர். இங்கே வந்தால் வருஷத்தில் பாதி நாள் வானம் ஒழுகிக்கொண்டே இருந்தது. மாமியாரும் எங்களோடுதான் இருந்தார், அத்தை என்று கூப்பிடுவேன். இவர் ஒற்றைப் பிள்ளை, மாமனார் இறந்துவிட்டார், வேறு எங்கே போவார். அவர் அதிகம் பேசமாட்டார். நான் நிறையப் பேசுவேன், அதுவும் வாய் கொஞ்சம் கூர்மை. இருந்தும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பாவிட்டால் போகட்டும்.

அந்தத் தீவில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதெல்லாம் பெருகும். முதலில் நத்தை. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. மழை விட்டதும் கத்தரிச் செடி, கீரைப் பாத்தி, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் ஏறும். வாளியில் பொறுக்கிப் போட்டு உப்பைக் கொட்டுவோம். மறுநாள் அதே அளவு இருக்கும். அப்புறம் மான். வெள்ளைக்காரன் வேட்டைக்காகச் சில புள்ளிமான்களைக் கொண்டுவந்து விட்டானாம். இங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, நரிகூடக் கிடையாது. மானுக்கென்ன, மேய்ந்தது, குட்டி போட்டது. குடியேறிகள் நட்ட நாற்றை விடிவதற்குள் மொட்டையடித்துவிட்டுப் போகும்.

காட்டிலாகாவில் இருந்த ஒருவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். ஏதோ ஒரு சின்னத் தீவில் மான்கள் பெருகிப் பெருகி, எட்டுகிற உயரத்தில் இருந்த தழையையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, பிறகு எலும்பும் தோலுமாகத் தாமாகவே செத்துக் குறைந்தனவாம். ஒரு நிலம் இத்தனை வாய்க்குத்தான் சோறு போடும், அதற்கு மேல் போனால் நிலமே கணக்கைச் சரிசெய்துகொள்ளும் என்றாராம். இவர் அதை ஆச்சரியமாகச் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அதற்குள் எனக்கு இரண்டு போய்விட்டிருந்தது.

முதலாவது நான்காம் மாதமே கலைந்தது. கப்பல் ஆட்டத்தில் உடம்பு அலுங்கிப்போயிருக்கும் என்றார்கள். இரண்டாவது பெண். பத்து மாதமும் இருந்து நல்லபடியாகத்தான் பிறந்தாள். பிறந்த அன்று சாயங்காலமே கண்ணின் வெள்ளை மஞ்சளானது, மறுநாள் உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கிவிட்டது. பால் குடிக்கவில்லை. உடம்பை வில்லாக வளைத்தாள். வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது, அந்த வலி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றபடி அழுதேனா என்று கேட்டால் தெரியவில்லை. மழை விட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு நத்தை பொறுக்கப் போனேன். "பச்சை உடம்பு ஆத்தா, உள்ள வா," என்று அத்தை கூப்பிட்டார். வாளி நிறைந்த பிறகுதான் உள்ளே வந்தேன். கை ஜில்லிட்டு மரத்திருந்தது, உள்ளேயும் அப்படித்தான்.

மூன்றாவது தங்கியபோது இவர் கொஞ்சம் விழித்துக்கொண்டார். "மெட்ராஸ்ல இருந்து ரத்தத்தைச் சோதிக்க ஏதோ புது மருந்து வந்திருக்காம், லேப்ல பாத்துருவம்," என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார். லேபில் இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், இவருடைய சில்லுகளைத் தினமும் பார்க்கிற ஆள்தான். விரலில் குத்தாமல் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, அக்காவுக்கு நெகடிவ். டாக்டரம்மா வந்ததும் காட்டிருங்க," என்றார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

இவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அந்த வார்த்தைக்காகத்தானே அடுப்படியில் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும். இவர் பஜாரில் இறங்கி வங்காளிக் கடையில் ரசகுல்லா வாங்கினார், மண் சட்டியோடு. வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, இவளுக்கு ரத்தத்துல ஒண்ணும் இல்லை, நெகடிவ்," என்றார். அத்தை கையைக் கழுவிவிட்டு வந்து, குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தார். நெகடிவ் என்று ஆன பிறகு டாக்டரம்மாவுக்கு என்ன வேலை என்று யாரும் திரும்பப் போகவில்லை.

எட்டாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உப்பிப்போன ஒரு பையன் பிறந்தான், உயிர் இல்லை. லீவு முடிந்து வந்திருந்த டாக்டரம்மாதான் எடுத்தார். வங்காளி, எங்களிடம் ஹிந்தியில் பேசுவார். என் ரத்த வகையை லேபில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, ஏன் முன்னாலேயே வரவில்லை என்று இவரைக் கேட்டார். இவர், "நெகடிவ் என்று சொன்னார்களே," என்றார். டாக்டரம்மா திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். அநேகம் பேர் ரத்தத்தில் ஒரு பொருள் உண்டு. அது இருந்தால் பாசிட்டிவ். என் ரத்தத்தில் அது இல்லை. இல்லாமல் இருப்பது வியாதி இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளை தகப்பனைக் கொண்டு பாசிட்டிவாக இருந்தால், முதல் தடவை, கலைந்தாலும்கூட, அந்த ரத்தம் கொஞ்சம் என் ரத்தத்தில் கலந்துவிடும். என் உடம்பு அதை அந்நியம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளை பாசிட்டிவாக வந்தால் என் உடம்பே அதன் ரத்தத்தை உடைக்கும். அதுதான் மஞ்சள், அதுதான் உப்பல். மெட்ராஸில் இருந்திருந்தால் மஞ்சளோடு பிறந்த பிள்ளைக்கு ரத்தத்தையே மாற்றிப் பிழைக்க வைத்திருக்கலாம். மூன்றாவதையும் முன்கூட்டியே எடுத்துப் பார்த்திருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. லேப்காரர் சரியாகத்தான் சொன்னார், இவர் சரியாகத்தான் கேட்டார். கோபமும் கொஞ்ச நாளில் போய்விட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து, ராமேஸ்வரம் போய் தீர்த்தமாடு, நாகதோஷம் கழியும் என்றார்கள். "தண்ணியிலதான் இருக்கோம், சுத்திக் கடல்," என்றேன். வாய் மட்டும் வேலை செய்தது.

இனி வேண்டாம் என்று இருந்தேன். இருந்தாலும் ஒரு வருஷம் கழித்து நாள் தள்ளிப்போனது. இந்தத் தடவை நேரே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு விளக்கினார். எல்லோருக்கும் அந்தக் குணம் இரண்டு பங்காக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. எனக்கு இரண்டும் நெகடிவ். இவருடையது பார்வைக்குப் பாசிட்டிவ். ஆனால் இரண்டும் பாசிட்டிவா, இல்லை உள்ளே ஒரு நெகடிவ் மறைந்திருக்கிறதா என்பது சோதனையில் தெரியாது. இரண்டும் பாசிட்டிவ் என்றால் பிறக்கிற எல்லாப் பிள்ளையும் பாசிட்டிவ், நாலாவதும் மூன்றாவதைப் போலத்தான். ஒன்று மறைந்திருந்தால், "ஆதா ஆதா." பாதிக்குப் பாதி, நெகடிவாக வந்தால் பிள்ளைக்கு ஆபத்தில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், மறைந்திருப்பது என்றால் எப்படி என்று இவரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒரு வீட்டுல மாமியாளும் மருமகளும் இருந்தா மருமக பேச்சு வெளிய கேக்காதுல்ல, ஆனா உள்ள இருக்கால்ல, அது மாதிரி," என்றார்.

"நம்ம வீட்டுல மாமியா பேச்சுத்தான் கேக்காது," என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்க்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் சிரித்தோமா என்று ஞாபகமில்லை.

மறைந்திருப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவருடைய தாயோ தகப்பனோ நெகடிவ் என்றால், அவர்கள் கொடுத்த பங்கு கட்டாயம் நெகடிவ். மாமனார் இல்லை. அத்தை இருந்தார். இவருக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்றும் டாக்டரம்மா கேட்டிருந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் அத்தையிடம் கேட்டேன். அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவன் மூத்தவன். இவனுக்குப் பொறகு நாலு. ஒண்ணு மஞ்சளாப் பெறந்து மூச்சு விட்டுச்சு, ரெண்டு பொழுது இருந்துச்சு. மத்தது வயித்துலயே. இவன் கைப்பிள்ளையா இருக்கையில ஒங்க மாமா வயக்காட்டுல சினைப்பாம்ப அடிச்சுட்டாக. அதுக்குப் பொறகுதான். எங்களுக்கு ஒரு பிள்ளைக்கு மேல தங்காது." ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். தனக்குப் பின்னால் நாலு பேர் இருந்தது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"அத்தை, ஒங்க ரத்தத்தப் பாக்கணும்கிறாக," என்றேன்.

"ஊருக்கெல்லாம் குத்துறான். எனக்குக் குத்த என்ன," என்றார்.

மறுநாள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். லேப்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நடந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. அத்தையின் கையைப் பிடித்து மெதுவாக ஊசி போட்டார். சோதனை முடிந்ததும் இந்தத் தடவை ஜன்னல் வழியாகப் பேசவில்லை. வெளியே வந்து, இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அண்ணே, அம்மாவுக்கும் அக்கா மாதிரிதான்," என்றார்.

பாதிக்குப் பாதி நிச்சயமானது. டாக்டரம்மா சிபாரிசு செய்து கப்பலில் இடம் வாங்கிக்கொடுத்தார். இவருக்கு அத்தனை மாதம் லீவு கிடைக்காது. அத்தைதான் என்னோடு வந்தார். மெட்ராஸில் அவருடைய தங்கை மகள் வீட்டில் தங்கினோம். வயிற்றில் இருப்பது எந்தப் பாதி என்பது பிறந்தால்தான் தெரியும். அந்த மாதங்களில் என்ன நினைத்தாய் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. பிள்ளை உதைத்தால் உதைக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். பேர் யோசிக்கவில்லை, பழைய துணிகளைக் கிழித்து வைக்கவில்லை. அத்தையும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளும் என்னைப் போலத்தான். எனக்கு முந்தின நாள் அவளுக்குப் பிரசவமானது. பையன் மஞ்சளாக இருந்தான். உள்ளே ஒரு அறைக்குக் கொண்டுபோய்த் தொப்புள் வழியாகக் கொஞ்சம் ரத்தத்தை எடுப்பதும் கொஞ்சம் புது ரத்தத்தை ஏற்றுவதுமாக ரத்தத்தையே மாற்றினார்கள். கதவில் கண்ணாடி இருந்தது. முடிகிற வரைக்கும் அத்தை அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறார். ஆயா விரட்டியும் நகரவில்லையாம். பையன் பிழைத்துக்கொண்டான். நாலைந்து நாளில் நிறம் மாறி, வார்டே அதிர அழுதான்.

எனக்குப் பெண் பிறந்தாள். தொப்புள்கொடி ரத்தத்தை லேபுக்கு அனுப்பினார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்து, "பாப்பாவும் நெகடிவ்மா, உங்க ரத்தம் அவளை ஒண்ணும் செய்யாது," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் கண்ணைத் திறந்து பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அன்றைக்கு அது வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், அதற்குள் அவளுக்குப் பசித்துவிட்டது.

மூன்றாம் மாதம் கப்பலில் திரும்பினோம். கீழ்த்தட்டில் அடுக்குப் படுக்கை, எண்ணெய் வாடை, வாந்தி வாடை. இரண்டாம் நாள் பகலில் கடல் கொஞ்சம் அடங்கியது. பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அத்தை கேட்டார்.

"அந்த வேலூர்க்காரி பிள்ளைக்கு ரத்தம் மாத்துனாகள்ல. எம் பிள்ளைக்கும் அப்படி மாத்தியிருந்தா இருந்திருக்குமா?"

மெட்ராஸிலிருந்தே அதை மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "அப்ப அதெல்லாம் கண்டே பிடிக்கல அத்தை. இந்த ரத்தச் சமாச்சாரமே யாருக்கும் தெரியாது. யாரு நெனச்சாலும் காப்பாத்தியிருக்க முடியாது," என்றேன். அது உண்மைதான், டாக்டரம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அத்தை தலையை ஆட்டினார். பாம்பு போய் ரத்தம் வந்ததில் அவருக்கு ஆறுதலா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மறுபடி கேட்டார்.

"ஒனக்குப் போனதே, மஞ்சளாப் பெறந்தவ. அப்ப இந்த வைத்தியம் இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

அவர் எழுந்து வந்து, பால் குடித்து முடித்திருந்த பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். தன் முந்தானையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அழட்டும் என்றுதான் பிள்ளையை வாங்கினார் என்று புரிந்தது. முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் நின்று அவர் அழுதுகொண்டிருந்தார், எனக்கும் சேர்த்து.